எதிரிச் சிப்பாயின் பித்தளைக் குவளை

அப்பா பட்டாளத்திலிருந்து ஆவடிக்குத் திரும்பியபோது கூடவே ஒரு பித்தளைக் குவளையும் வந்தது. அது அவருடையது இல்லை. பாகிஸ்தான் சண்டையில், பதுங்குகுழிக்குள் செத்துக் கிடந்த எதிரிச் சிப்பாயின் பையிலிருந்து எடுத்தது. அதில் அவன் தன் பெயரை ஆணியால் கீறி வைத்திருந்தான், உருதுவில். எங்கள் வீட்டில் யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது.

வருடம் முழுக்கப் பெட்டியில் கிடக்கும். ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே வரும். அம்மா புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்து, என் வண்டிச் சாவிக்கும் அரிவாள்மனைக்கும் நடுவில் வைப்பாள். செத்தவன் என்ன சாமி கும்பிட்டானோ, எங்கள் வீட்டில் அவனுக்கும் பொரிகடலை உண்டு.

இந்த வருடம் அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார். கண்ணும் மங்கிவிட்டது. ஒருநாள் காலையில் என் கையைப் பிடித்தார்.

"அந்தக் குவளைல பேரு கீதுடா. யாரையாச்சும் உட்டு படிக்கச் சொல்லு. அவன் ஊட்டுல குடுத்துடணும். நான் போறதுக்குள்ள."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. பேர் தெரிந்தால் மட்டும் ஆச்சா? எந்த ஊர், யார் கொண்டுபோவது? ஆனால் சாகக் கிடக்கிற மனுஷனிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. உருது தெரிந்த பிரியாணிக் கடை பாயிடம் எடுத்துப்போனேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேரா? இன்னா நைனா, இதுல ஒண்ணுமே இல்லியே. வழவழன்னு கீது."

அப்போதுதான் நானும் உற்றுப் பார்த்தேன். இத்தனை வருடத் தேய்ப்பில் அவன் பெயர் போயே போய்விட்டது.

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "பளிச்சுனு இருக்கணும்னுதானேடா தேச்சேன்" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா தினமும் கேட்பார். "ஆள் தேடிகினு கீறேன்பா" என்று சமாளிப்பேன்.

ஆயுத பூஜை வந்தது. அம்மா குவளையைத் தேய்க்கப் பயந்தாள். களிம்போடு அப்படியே வைத்துவிட்டாள். அப்பாவின் கண்ணுக்குப் பளபளப்பு மட்டும் இன்னும் தட்டுப்படும். அது இல்லை என்றதும் கத்தினார்.

"திருப்பிக் குடுக்கவேண்டிய பொருளுடி அது. அடுத்தவன் பொருள இப்டியா அழுக்கா வெப்ப? நல்லா தேய்!"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் குவளையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் எழுந்துபோய்ப் புளியை எடுத்தாள்.