‘வீட்டு வேலை’ன்னு ஒரு ஃபோல்டர்

ஆரோக்கியராஜப் பத்தி எங்க ஸ்டூடியோல யாரக் கேட்டாலும் முதல்ல வர்ற வார்த்தை பயந்தாங்கொள்ளி. நாய்னா பயம், லிஃப்ட்னா பயம். பாண்டி பஜார்ல ரோட்டைத் தாண்டணும்னா நான் காலெடுத்து வெச்சப்புறம்தான் அவன் காலு நகரும். முப்பது தாண்டின ஆம்பள. நொச்சிக்குப்பத்து மீனவர் வீட்டுப் பையன், கடல்ல கணுக்கால் நனைக்கமாட்டான். சுனாமி வந்த அன்னிக்கு மணல்ல விளையாடிக்கினு இருந்த பசங்கள்ல அவனும் ஒருத்தன். அவங்கப்பா தேசப்பன்தான் தூக்கித் தோள்ல போட்டுக்கினு ஓடினாரு. அதோட கடலுக்கும் அவனுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. வலை பிடிக்க வேண்டிய கை கேமரா பிடிச்சுது.

நான் கைசர் ஜஹான். தி.நகர்ல, பனகல் பார்க்குக்குப் பின்னாடி ஒரு மாடில இருக்கற கல்யாண வீடியோ ஸ்டூடியோல எடிட்டர். எனக்கு வாய் ஜாஸ்தின்னு சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போகட்டும், வாய் இல்லன்னா எங்க ஓனர் நாகராஜ் சாருகிட்ட யாரால வேலை பாக்க முடியும்? முகூர்த்த நாள்ல ஆரோக்கியராஜ் கேமரா பிடிப்பான், மத்த நாள்ல மெஷினுங்களப் பாத்துக்குவான்.

மெஷின்னா முக்கியமா ‘பொட்டி’. சர்வர்னு பேரு. நாலு டிஸ்க் போட்டு ஓரமா ஒரு அலமாரில உறுமிக்கினே இருக்கும். எடுத்த கல்யாணமெல்லாம் அதுலதான் கெடக்கு. நாங்க எங்க எங்க சீட்ல உக்காந்தபடியே வயர் வழியா அதுலேர்ந்து எடுத்து வெட்டி ஒட்டுவோம். கஸ்டமர் கல்யாணம்னா வெளிய தனி டிஸ்க்ல இன்னொரு காப்பி போட்டு வெச்சுடுவோம். ஆனா ‘வீட்டு வேலை’ன்னு ஒரு ஃபோல்டர் உண்டு. எங்க வீட்டுக் கல்யாணங்களெல்லாம் அதுல. அதுக்கு இன்னொரு காப்பியும் கெடையாது, எடிட்டும் கெடையாது. நம்ம வீட்டுதுதானே, அப்புறம் பாத்துக்கலாம். என் தம்பி தௌஃபீக் நிக்காஹ் அதுலதான் கெடக்குது, அவன் பொண்ணு ஸ்கூலுக்கே போக ஆரம்பிச்சுட்டா. கல்யாண வீடியோ எடுக்கறவன் வீட்டுக் கல்யாணத்துக்கு வீடியோ இருக்காது, எங்க தொழில் அப்படி.

ஆரோக்கியராஜோட தங்கச்சி அஸ்வினி கல்யாணமும் அந்த ஃபோல்டர்லதான். அவனே எடுத்தது. கல்யாணம் முடிஞ்சு சில மாசத்துல தேசப்பன் கடலுக்குப் போனாரு. கவுந்த படகு கெடச்சுது. அவரு கெடைக்கல.

ஆயுத பூஜை முடிஞ்சு, ஐப்பசி முகூர்த்தம் ஆரம்பிச்ச சமயம். அவங்கம்மா அந்தோணியம்மாள் சைதாப்பேட்டை மார்க்கெட்ல மீன் வித்துட்டு நேரா எங்க மாடிக்கு வந்தாங்க. மூச்சு வாங்க ஸ்டூல்ல உக்காந்து, “கல்லறைத் திருநாள் வருது ராஜா. எல்லாரும் அவங்கவங்க கல்லறைக்குப் போயி மெழுகுவத்தி ஏத்துவாங்கோ. எனுக்குப் போறதுக்கு எடம் எங்க கீது? இந்த வருசம் டிவில அவரப் போட்டு, அதும் முன்னால ஏத்திக்கிறேன். தங்கச்சி கல்யாணத்துல அவரு கீறாரில்ல, அத எட்த்துக் குடு”ன்னாங்க.

வேற வீடியோ கெடையாது. ஃபோனைத் தூக்கினாலே மூஞ்சியத் திருப்பிக்கற மனுசன் அவரு. அசையற தேசப்பன், பேசற தேசப்பன், அந்த ஃபோல்டர்ல மட்டும்தான்.

அவங்க போனதும் காப்பி போட்டான். அரைமணில முடிய வேண்டிய வேலை. எவ்வளவு நேரம் பாக்கின்னு திரைல வர்ற கணக்கு ஏறிக்கினே போகுது. கோடு நகரல. என் பக்கம் திரும்பினான்.

“அக்கா, டிஸ்க் சாவுதுக்கா.”

“வாயக் கழுவு. அல்லா காப்பாத்துவான்”னேன். தௌஃபீக் நிக்காஹ்ல எங்க வாப்பாவும் அந்தப் பொட்டிலதான் இருக்காரு, ஆனா வீட்லயும் உயிரோட இருக்காரு. இவன் அப்பாவுக்கு அது ஒண்ணுதான்.

போதாத காலம், மறுநாள் ஏரியால பராமரிப்புக்காகக் காலைலேர்ந்து கரண்ட் இருக்காதுன்னு மெசேஜ் வந்திருந்துது. எங்க யூபிஎஸ் பேட்டரி கெழம், பொட்டிய ஒழுங்கா நிறுத்தறதுக்குத்தான் தாங்கும். பழைய டிஸ்க் ஓடறவரைக்கும் ஓடும், ஒருவாட்டி நின்னா திரும்ப சுத்தாமலே போறதும் உண்டு. அப்படி ஒண்ண நாங்க பாத்திருக்கோம். காப்பி போற வேகத்துக்கு மறுநாள் மத்தியானம் ஆனாலும் முடியாது.

நாகராஜ் சார் வந்து எட்டிப் பாத்தாரு. “ஆஃப் பண்ணி ஆன் பண்ணுடா ராஜா, சரியாப்பூடும்”னு சுவிட்சுகிட்ட கைய நீட்டினாரு. இவன் குறுக்க போய் நின்னான். ஓனர் தும்மினாலே எழுந்து நிக்கறவன், அலமாரிக்கு முன்னாடி ரெண்டு கையும் விரிச்சு, “வேணா சார். கைய வெக்காதீங்க சார்”ங்கறான். அங்கேர்ந்து நகரல. சார் என்னப் பாத்தாரு. “வுடுங்க சார், நான் பாத்துக்கறேன்”னு அனுப்பி வெச்சேன்.

டிஸ்க் நல்லா இருக்கா இல்லையான்னு பொட்டியே ஒரு ரிப்போர்ட் குடுக்கும். அதத் தொறந்து பாருடான்னா பாக்கமாட்டேங்கறான்.

“சிவப்பா கிவப்பா இருந்தா நான் இன்னாக்கா பண்ணுவேன்?”

“பாக்காம இருந்தா மட்டும் பச்சையாயிடுமா? தள்ளு”ன்னு நானே அமுக்கினேன். நாலு டிஸ்க்கும் பச்சை. ஒரு கோளாறும் இல்ல.

சந்தோஷப்படுவான்னு பாத்தா இன்னும் பயந்தான். நோவு இன்னான்னு தெரிஞ்சாலாவது பரவாயில்ல, தெரியாத நோவுக்கு எங்க போறதுன்னு பொலம்பினான். மத்தியானச் சோத்தைத் தொடல. காப்பிய நிறுத்திட்டு, போன வாரம் எடுத்த கல்யாணம் ஒண்ண இழுத்துப் பாத்தோம். அதுவும் நொண்டுது. என் சிஸ்டத்துலேர்ந்து இழுத்தாலும் நொண்டுது, பக்கத்து சிஸ்டத்துலேர்ந்தும் அதே கதை. பழைய ஃபைல், புது ஃபைல்னு வித்தியாசம் இல்லாம எல்லாம் ஒரே ஆமை வேகம். லீவு, முகூர்த்தம்னு ஓடினதுல, எடுத்தத ராத்திரி ஏத்திட்டுப் போறதோட சரி, யாரும் எடிட்டுக்கு உக்காரல, அதான் இத்தன நாள் தெரியல.

அப்பத்தான் அவன் மெதுவா சொன்னான். “அக்கா, அரிசி நல்லாத்தான் கீது. மூட்டை தூக்கிக்கினு வர்ற வழில எங்கியோ அடைப்பு.”

வழின்னா வயர்தான். பொட்டிக்குப் பின்னாடி போகணும்னா அலமாரிக்கும் செவுத்துக்கும் நடுவுல ஒடுங்கிப் போகணும். பல்லி இருக்கும்னு அந்தப் பக்கமே போகாதவன், செல்ஃபோன் வெளிச்சத்தப் பிடிச்சுக்கினு உள்ள நொழைஞ்சான்.

“அக்கா, சந்தனம்.”

“என்னடா உளர்ற?”

எட்டிப் பாத்தேன். ஆயுத பூஜைக்கு சார் எல்லாத்தையும் தொடைச்சு, கேமரா, டிரைபாட், பிரிண்டர்னு ஒண்ணு வுடாம பொட்டு வெச்சாரு, அது வருசா வருசம் நடக்கறது. இந்த வருசம் பக்தி முத்திப்போய், பொட்டிக்குப் பின்னாடியும் போயி வயரக் கழட்டித் தொடைச்சுட்டு, வயர் சொருகற ஓட்டைக்கும் சேத்து சந்தனம் குங்குமம் அப்பியிருக்காரு. ஈரம் காயறதுக்குள்ள வயரையும் சொருகிட்டாரு. வயர் முனைல எட்டுக் கம்பி, எட்டும் படிஞ்சாத்தான் லைன் ஓடும். நாலு மட்டும் படிஞ்சா நின்னுடாது, நொண்டி நொண்டி நடக்கும். அதச் சொல்றதுக்குன்னே ஓட்டைக்கு மேல ஒரு குட்டி லைட் உண்டு, நல்லா ஓடினா பச்சை, நொண்டினா மஞ்சள். அதுக்கும் சரியா நடு நெத்தில குங்குமம். என்ன கலர் எரிஞ்சாலும் சிவப்பாத்தான் தெரிஞ்சிருக்கும்.

லென்ஸ் தொடைக்கற பிரஷ்ஷால காஞ்ச சந்தனத்த சொரண்டி எடுத்தான். குழந்தை காதுல அழுக்கெடுக்கற மாதிரி, மூச்சடக்கி. புது வயர் சொருகினான். மஞ்சளா எரிஞ்சுது. அணைஞ்சுது. பச்சையாச்சு.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே ‘வீட்டு வேலை’ ஃபோல்டர் மொத்தமும் வெளி டிஸ்க்ல வந்து சேந்துது. சார்கிட்ட சொன்னோம். தலையச் சொறிஞ்சுகினு, “அடுத்த வருசம் அலமாரிக் கதவுக்கு மட்டும் வெக்கறேம்மா”ன்னாரு. எடுத்தத ஆரோக்கியராஜ் போட்டுப் பாக்கல. பயமா கீதுன்னான்.

கல்லறைத் திருநாள் அன்னிக்கு நீயும் வாக்கான்னு கூப்ட்டான், போனேன். ஹவுசிங் போர்டு வீடு, சின்ன ஹாலு. டிவிக்கு முன்னாடி ஸ்டூல்ல மெழுகுவத்தியும் சாமந்தியும். அந்தோணியம்மாள் தரைல. அஸ்வினி ரிமோட்ட அமுக்கினா. இவன் வாசக்கால்ல சாஞ்சு நின்னான், எந்நேரமும் ஓடிடுவான் போல.

தேசப்பன் வந்தாரு. புது வேட்டி சட்டைல, பொண்ணு பக்கத்துல காலியா இருந்த ஒரு நாற்காலிய ஒட்டி வெறச்சு நின்னுக்கினு கீறாரு. நெத்தியெல்லாம் வேர்வை. கை நாற்காலி முதுகக் கெட்டியாப் புடிச்சிருக்கு. புயலுக்கு அசராத மனுசன், கேமராவப் பாத்து அப்படி நடுங்கறாரு. “பாரேன், உன்னாட்டமே பயந்துகினு கீறாரு”ன்னு அந்தோணியம்மாள் சிரிச்சாங்க. கண்ல தண்ணி கொட்டுது.

அப்ப தேசப்பன் நேரா எங்களப் பாத்தாரு. கேமராவுக்குப் பின்னாடி நிக்கற பையனப் பாத்திருக்காரு. கேட்டாரு.

“ராஜா, போதுமாடா?”

எங்க தொழில்ல ஒரு சட்டம். ரெக்கார்டு ஓடும்போது கேமராக்காரன் வாயத் தொறக்கக்கூடாது, கொரல் பதிஞ்சுடும். ஆரோக்கியராஜ் அன்னிக்குத் தொறக்கல. அவரு பதிலுக்குக் காத்துக்கினு நிக்கறாரு. இன்னொருவாட்டி கேக்கறாரு. “போதுமாடா?”

வாசக்கால்லேர்ந்து இவன் ரெண்டு எட்டு முன்னாடி வந்தான்.

“போதும்ப்பா. நீ உக்காருப்பா.”

டிவில தேசப்பன் வேர்வையத் தொடைச்சுகினு நாற்காலில உக்காந்தாரு. அந்தோணியம்மாள் மெழுகுவத்திய ஏத்திட்டு, திரும்பிப் பாக்காமயே, “அந்த எடத்த திரும்பப் போடு”ன்னாங்க. அஸ்வினி போட்டா. அவரு திரும்பக் கேட்டாரு. இவன் திரும்பவும் சொன்னான்.