வலிக்காது என்று சொல்லாத மரியபுஷ்பம்

வடகரப்பதியிலிருந்து வந்த ஒரு பெரியவரின் வலது முழங்காலில் நான் அதிர்வலைக் கருவியைப் பிடித்துக்கொண்டிருந்தபோது மரியபுஷ்பம் இறந்துவிட்ட செய்தி வந்தது. நர்ஸ் வாசலில் வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. கருவி தட்டிக்கொண்டே இருந்தது, என் கைதான் நகராமல் நின்றுவிட்டது.

“ஏனுங்க அம்மிணி, முடிஞ்சுதுங்களா?” என்று கேட்டார் பெரியவர்.

“இல்லீங்க, இன்னும் பாதி இருக்குதுங்க” என்று சொல்லி மீதியையும் செய்து முடித்தேன். ஜெல்லைத் துடைத்தேன். வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சியை ஒருமுறை அவரையே செய்துகாட்டச் சொன்னேன். அவர் ஆட்டோ ஏறிப் போன பிறகுதான் அழுதேன். பாதியில் விட்டிருந்தால் மரியபுஷ்பம் என்னை மன்னித்திருக்கமாட்டார்.

இதைப் படிக்கும் உங்களில் பலருடைய முழங்கால்களை அவருக்குத் தெரியும். சிலருக்கு அவர் புஷ்பம்மா, சிலருக்கு டாக்டரம்மா. டாக்டரம்மா என்று கூப்பிட்டால் உடனே திருத்துவார்: “நான் டாக்டர் இல்ல, பிசியோதெரபிஸ்ட். அதுவே பெரிய படிப்புதான்.” பாலக்காட்டின் கிழக்குக் கோடியில் இருக்கும் எங்கள் சிறிய மருத்துவமனையில் அவரும் நானும் பதினோரு ஆண்டுகள் ஒரே அறையில் வேலை செய்தோம். நான் இந்த ஊர்க்காரி. அவர் இடுக்கியில் சக்குபள்ளத்து ஏலக்காய்த் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறிய குடும்பம். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் என்னை “ஏட்டி கோமதி” என்று திருநெல்வேலி வழக்கில் கூப்பிட்டார். எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அன்று முழுவதும் முறைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் என்னை வெறும் ‘கோமதி’ என்றால்தான் ஏதோ கோபம் என்று அர்த்தமாயிற்று.

அதிர்வலைக் கருவி எங்களிடம் வந்து சேர்ந்தபோது அதன் பெயரே முதல் தடையாக இருந்தது. ஷாக்வேவ் என்றதும் கரண்ட் ஷாக் கொடுப்பார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. படுக்கையில் ஏறிய ஒரு அம்மாள் கருவியின் சத்தத்தைக் கேட்டதும் செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே போய்விட்டார். மறுநாள் காத்திருந்தவர்களை எல்லாம் புஷ்பம் உள்ளே கூப்பிட்டார். அவருக்கும் அப்போது இடது முழங்காலில் வலி ஆரம்பித்திருந்தது, எக்ஸ்ரேயிலும் கொஞ்சம் தேய்மானம் தெரிந்தது. ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு படுக்கையில் படுத்து, என்னிடம் கருவியைக் கொடுத்தார்.

“இதுல கரண்டு உடம்புக்குள்ள போகாது. காத்து அழுத்தத்துல ஒரு சின்னக் குண்டு ஓடி வந்து தட்டுது. அந்த அதிர்வுதான் உள்ள போகுது. ஏட்டி கோமதி, நீ தட்டு.”

நான் தட்டினேன். முழங்காலின் உள்பக்கம் போனபோது அவர் பல்லைக் கடித்தது எல்லோருக்கும் தெரிந்தது. ஒருவர் கேட்டார், “வலிக்குதுங்களா?”

“வலிக்குது. பொறுத்துக்கலாம். பொறுக்க முடியலன்னா சொல்லுங்க, கொறைச்சு வைப்போம்.”

அன்று மாலை அறையைப் பூட்டும்போது என்னிடம் சொன்னார்: “ஏட்டி, யாருக்கும் வலிக்காதுன்னு சொல்லிராத. முதல் தட்டுலயே நாம சொன்னது பொய்யின்னு ஆயிரும். அப்புறம் வீட்டுல பயிற்சி செய்யச் சொன்னா எவன் கேப்பான்?”

அதன் பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வாரம் ஒருமுறை வீதம் சில வாரங்கள், கூடவே தொடைத் தசைக்கான பயிற்சி. தட்டுவதற்கு முன்னால் ஒவ்வொருவரையும் மாத்திரைப் பையைக் கொட்டிக் காட்டச் சொல்வார். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை அதில் இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் கருவியைத் தொடமாட்டார். வலி எவ்வளவு என்று எல்லோரையும்போல அவரும் கேட்பார். ஆனால் அதற்கு முன் கேட்பது வேறு: “என்ன செய்ய முடியல? அதைச் சொல்லுங்க.” ஒருவர் பஸ் படி ஏற முடியவில்லை என்பார். ஒருவர் கோயிலில் விழுந்து கும்பிட முடியவில்லை என்பார். அதை அப்படியே அட்டையில் எழுதி, ஒவ்வொரு வாரமும் அதைத்தான் முதலில் விசாரிப்பார்.

கூட்டம் வந்ததும் எங்கள் மேனேஜர் வாசலில் ஒரு பிளெக்ஸ் வைத்தார். கத்தி இல்லை, வலி இல்லை, மூட்டுத் தேய்மானம் முற்றிலும் குணமாகும் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. நானும் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பேசாமல் உள்ளே போய் மேசையைத் துடைத்தேன். புஷ்பம் உள்ளே வரவில்லை. பிளெக்ஸுக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மேனேஜர் வெளியே வந்தார்.

“ஏன் சிஸ்டர் இங்க உக்காந்திருக்கீங்க? பேஷண்டு காத்திருக்காங்க.”

“இதுல எழுதியிருக்கிற வைத்தியம் எனக்குத் தெரியாது சார். தெரிஞ்சவங்களைக் கூப்பிட்டு வையுங்க.”

“விளம்பரம்னா கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவாங்க.”

“கொஞ்சம் கூட்டல சார். தேஞ்சது திரும்ப வளராது. ஆரம்பத்துலயும் நடுவுலயும் இருக்கிறவங்கள்ல பல பேருக்கு வலி கொறையும், சில பேருக்குக் கொறையாது. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.”

“அப்படி எழுதினா எவனும் வரமாட்டான்.”

“வரலைன்னா வேண்டாம். வந்தவங்க ஏமாறக் கூடாது.”

அன்றைக்கு அவருடைய வேலை போயிருக்கலாம். மகனைக் கல்லூரியில் சேர்த்திருந்த நேரம், கணவர் இல்லை. மேனேஜர் அதைச் சுட்டிக்காட்டவும் செய்தார். அப்போதுதான் நான் துடைத்துக்கொண்டிருந்த துணியை வைத்துவிட்டு வெளியே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதற்கு முன்பே போயிருக்க வேண்டும், அந்த வெட்கம் எனக்கு இன்னும் இருக்கிறது. இருவரும் உள்ளே போகவில்லை, மத்தியானத்துக்குள் மேனேஜரே பிளெக்ஸை இறக்கச் சொன்னார். ‘முழங்கால் வலிக்கு அதிர்வலைச் சிகிச்சை. உங்களுக்குப் பொருந்துமா என்று பார்த்துச் சொல்வோம்’ என்று புஷ்பம் எழுதிக்கொடுத்த வாசகம்தான் இன்றுவரை வாசலில் இருக்கிறது. ஆட்கள் வருவது குறையவில்லை.

முதலமடையில் மாந்தோப்பு வைத்திருக்கும் ராமசாமி தன் மனைவி சரஸ்வதியைக் கூட்டிக்கொண்டு வந்தது அதற்கு அடுத்த வருடம். அந்த அம்மாளின் இரண்டு கால்களும் வில்லாக வளைந்திருந்தன. எக்ஸ்ரேயில் எலும்பும் எலும்பும் ஒட்டிக் கிடந்தன. புஷ்பம் படத்தை வெளிச்சத்தில் பிடித்து இருவருக்கும் காட்டினார்.

“இதுக்கு இந்த மெஷின் வேண்டாம்ங்கய்யா. மூட்டு மாத்துற ஆபரேஷன் பத்தி எலும்பு டாக்டர்கிட்ட கேளுங்க.”

ராமசாமிக்கு முகம் சிவந்துவிட்டது. “பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு வெச்சீங்க. அவரு இப்ப நடக்கறாரு. எங்களுக்கு மட்டும் ஏனுங்க இல்லைங்கறீங்க? ஆபரேஷன்னு போயி எங்க அக்கா ஊட்டுக்குத் திரும்பி வரலைங்க.”

“உங்க பயம் எனக்குப் புரியுது. அதுக்காக பலனில்லாததைச் செஞ்சு உங்க காலத்தைத் தின்னக் கூடாதுல்ல.”

அவர் எழுந்து போய்விட்டார். சரஸ்வதி அம்மாள் மட்டும் கதவருகே திரும்பி, மெதுவாகக் கேட்டார்: “ஆபரேஷன் பண்ணுனா நடந்துருவனுங்களா?”

“நல்லா நடப்பீங்கன்னு நம்புறேன். நான் வந்து நடக்க வைக்கிறேன்.”

சொன்னதைச் செய்தார். சரஸ்வதி அம்மாள் கணவரை எப்படியோ சம்மதிக்க வைத்து, அந்த வருடமே அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அவர் வீட்டுக்கு வந்த பிறகு ஆறு வாரம், புஷ்பம் வேலை முடிந்ததும் ஸ்கூட்டரில் முதலமடைக்குப் போய் காலை மடக்கி நீட்ட வைத்தார். ராமசாமி முதல் இரண்டு வாரம் அவரிடம் பேசவில்லையாம். மூன்றாவது வாரம், “காப்பி குடிச்சுப்போட்டுப் போங்கம்மிணி” என்றாராம். அதை என்னிடம் சொல்லும்போது புஷ்பத்துக்கு இருந்த சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அவர் செய்தவற்றில் எனக்கு மிகப் பெருமையானது சக்குபள்ளத்து ஞாயிற்றுக்கிழமைகள். ஏலக்காய், செடியின் தூரில் தரையை ஒட்டித்தான் காய்க்கும். காலையிலிருந்து மாலைவரை குத்தவைத்து எடுக்க வேண்டும். புஷ்பத்தின் அம்மா கடைசி வருடங்களில் குத்தவைக்க முடியாமல், முட்டியில் சாக்கைக் கட்டிக்கொண்டு மண்டியிட்டே காய் எடுத்தவர். அங்கே ஒருநாள் முகாம் நடத்தலாம் என்று எங்கள் நிர்வாகம் சொன்னது. புஷ்பம் மறுத்தார்: “ஒரு நாள் தட்டிட்டு வந்தா போட்டோ எடுக்கத்தான் ஆகும். அஞ்சு வாரம் போகலாம்னா சொல்லுங்க.”

வண்டி தரமாட்டோம், கருவியை வேண்டுமானால் கொண்டுபோகலாம் என்றார்கள். சூட்கேஸ் அளவு இருந்த அந்தக் கருவியை மடியில் வைத்துக்கொண்டு, சனிக்கிழமைகளில் பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம் என்று பஸ் மாறி மாறிக் குமுளி ஏறினார். இரண்டு முறை நானும் போனேன். ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்ததும் பள்ளிக்கூட அறையில் வேலை தொடங்கும். அங்குள்ள மருத்துவர் எக்ஸ்ரே பார்த்துத் தேர்ந்தெடுத்த பெண்கள் வரிசையில் இருப்பார்கள். ஐந்து வாரமும் புஷ்பம் ஒருநாள்கூடத் தவறவில்லை. முடிவில் பலர் நன்றாக இருக்கிறது என்றார்கள். செல்லத்தாய் என்ற பெண்ணுக்கு மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. எல்லோருக்கும் முன்னால் வேண்டாம் என்று, அவரைத் தனியாக வெளியே அழைத்துப்போய்ச் சொன்னார்: “செல்லத்தாயி, உங்களுக்கு இது கேக்கல. தப்பு உங்க மேல இல்ல. நீங்க ஒழுங்காத்தான் வந்தீங்க.” பிறகு தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்காணியிடம் போய், முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் குட்டை ஸ்டூல் கொடுக்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் நின்று பேசினார். ஸ்டூல்கள் வந்தன.

நான்கு மாதங்களுக்கு முன்பு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தபோது, தன் மருத்துவரிடமும் அவர் அதே நேர்மையைத்தான் கேட்டார். எவ்வளவு நாள் என்று கேட்டு, பதிலை வாங்கிக்கொண்டு, அண்ணன் வீட்டுக்குச் சக்குபள்ளம் போய்விட்டார். நான் பார்க்கப் போனபோது வலி அதிகமாக இருந்தது. “வலிக்குதா?” என்று முட்டாள்தனமாகக் கேட்டேன். “ஆமா ஏட்டி” என்றார். பிறகு, செவ்வாய்க்கிழமை சிகிச்சைக்கு வரும் ஆட்களை யார் பார்க்கிறார்கள் என்று விசாரித்தார்.

அடக்கத்துக்கு இங்கிருந்து ஒரு வேன் நிறையச் சக்குபள்ளம் போனோம். கல்லறைத் தோட்டம் சரிவில் இருக்கிறது. சரஸ்வதி அம்மாள் யார் கையையும் பிடிக்காமல் படி இறங்கினார். பின்னால் ராமசாமி இரண்டு கைகளையும் நீட்டியபடியே வந்தார், பிடிக்க வேண்டிய தேவை வரவில்லை. அங்கே செல்லத்தாய் என்னை அடையாளம் கண்டு வந்து பேசினார். “எனக்குக் கேக்கலன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னது அவ ஒருத்திதான். சொல்லிட்டு வுட்டுட்டுப் போகல. ஊருக்கு வாரப்பல்லாம் எங்க லயத்து வீட்டுக்கு வந்து காலைத் தூக்கிக் காட்டச் சொல்லுவா. இப்ப நான் அரைநாளு வேலைக்குப் போறேன்.” சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தான் கொண்டுவந்த பூக்களைக் குழியில் போட்டார்.

புஷ்பத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு தைரியம். ‘இது உங்களுக்குப் பயன்படாது’ என்று ஒருவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம். பல ஆண்டுகள் அந்த இடம் வரும்போதெல்லாம் நான் அவர் பக்கம் திரும்புவேன், அவர் சொல்வார். சென்ற வாரம் வெகுதூரத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். அவருடைய மூட்டு நிலைமை கருவியின் எல்லையைத் தாண்டியிருந்தது. திரும்பிப் பார்க்க யாரும் இல்லை. நானே சொன்னேன். குரலைத் தாழ்த்தவில்லை, சுற்றி வளைக்கவும் இல்லை. அவர் கோபப்பட்டார். கோபம் அடங்கும்வரை காத்திருந்து, அடுத்து என்ன செய்யலாம் என்று அவருக்கு எழுதிக்கொடுத்தேன்.