கல்யாணத்துக்கு வராத மாப்பிள்ளைத் தோழன்

காதலித்த காலத்தில் நான் ரொம்ப நல்லவன். கோபம் என்றால் என்னவென்றே தெரியாதவன். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே சாயம் வெளுத்துவிட்டது. என் கூட்டாளியிடம் மட்டும் நான் ஒருநாளும் நடித்ததில்லை. சின்ன வயதிலிருந்து ஒரே படகில் ஏரிக்கு வலை கட்டப் போகிறவனிடம் எதை மறைப்பது? என் முன்கோபத்துக்கு அவன் வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது.

என் மனைவிக்கு ஏரியின் அக்கரைக் குப்பம், ஆந்திரா பக்கம். அவளைப் பார்க்க என்னைப் படகில் கொண்டுபோய் விட்டவன் அவன். அவள் அப்பாவிடம் பேசப்போய், திட்டு வாங்கி, மறுபடியும் போனவனும் அவன்தான். கடைசியில் அவர் மனமிரங்கித் தேதி குறித்ததும், மாப்பிள்ளைத் தோழனாக நிற்பதற்குப் புதுச் சட்டை தைத்துக்கொண்டான்.

எங்கள் ஏரியில் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. நல்ல இடங்களுக்கு ஊர் முறை வைத்திருக்கிறது. அதைத்தான் பாடு என்போம். கல்யாண சந்தோஷத்தில் பஞ்சாங்கம் பார்த்த நாங்கள் பாடு பார்க்கவில்லை. முகத்துவாரத்துப் பக்கம், இறால் ஓடுகிற சமயம், என் முறை சரியாகக் கல்யாணத்தன்றே வந்து நின்றது. தவறவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். என் முறை திரும்பி வருவதற்குள் இறால் காலம் முடிந்திருக்கும். எனக்குப் பதிலாகக் கூட்டாளி நின்றால் மட்டும்தான் ஊர் ஒத்துக்கொள்ளும். தேதியை மாற்றக் கேட்டாலோ, இதுதான் சாக்கென்று மாமனார் கல்யாணத்தையே நிறுத்திவிடுவார்.

"நீ போய் தாலி கட்டு. என் மச்சான இட்டுகினு நான் பாட்டுக்குப் போறேன்" என்றான்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. "பாடு போனா போது! நீ இல்லாம இன்னாடா கல்யாணம்?"

"கல்யாணத்துக்கு ஊரே வரும். ஒன் பாட்டுக்கு யார்றா வருவா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. காதலியிடம் எத்தனையோ சத்தியம் செய்திருக்கிறேன். கல்யாணத்துக்கு ஊரையே சாட்சிக்குக் கூட்டியிருந்தேன். இவனிடம் ஒரு வாக்கு கொடுத்ததுமில்லை, வாங்கியதுமில்லை. அவன் பாட்டுக்கு வலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

மணையில் தோழனாக என் அத்தை மகன் நின்றான். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். "பொண்ணு இந்தாண்ட கீறேன்" என்று முழங்கையால் இடித்தாள் அவள்.

சாயங்காலம் பந்தி நடக்கும்போது நனைந்த லுங்கியோடு, தலையில் இறால் கூடையோடு வந்தான். "வலை நெறையடா!" என்று சிரித்தான். மாலையும் கழுத்துமாக ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். பட்டுவேட்டி முழுக்கச் சேறு. அன்றைக்கு நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அப்போதுதான், இதை என் மனைவியிடமே சொல்லியிருக்கிறேன். கூடையைச் சமையல்காரரிடம் கொடுத்துவிட்டு, படமெடுப்பவர் கூப்பிட்டும் வராமல் அவன் பந்தலுக்குப் பின்னால் போய்விட்டான்.

அதனால் எங்கள் கல்யாண ஆல்பத்தில் அவன் ஒரு படத்தில்கூட இல்லை. தோழன் எங்கே என்று யாராவது கேட்டால் என் மனைவி பக்கத்தைப் புரட்டுவாள். பந்தியில் என் மாமனார், வாய் கொள்ளாத இறாலோடு உட்கார்ந்திருப்பார். அவர் இலையில் குவிந்திருக்கும் வறுவல் மேல் விரலை வைத்துச் சொல்வாள்:

"நைனா எலையில கீதே, அதான் எங்க அண்ணன்."