ஒரு கண் இல்லாத யானை

பொம்மை பின்னக் கற்றுக்கொடுப்பதைப் போல நிம்மதியான தொழில் கிடையாது என்று யாராவது சொன்னால், அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நாலு பேரை உட்கார வைத்து ஊசியைக் கையில் கொடுத்துப் பார்க்காதவர் என்று அர்த்தம். சைக்கிளோ சமையலோ கோலமோ, யாருக்காவது எதையாவது சொல்லிக்கொடுத்து மாட்டிக்கொண்டவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

கோட்டுச்சேரி ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து, மூன்று மாதம் காலில் கட்டோடு கிடந்தபோது பொழுதுபோகாமல் செல்போனைப் பார்த்துக் கற்றுக்கொண்டது இது. கட்டு அவிழ்ந்தும் பின்னல் விடவில்லை. காரைக்காலில் என் மனைவியின் தையல் கடைக்கு மேலே ஒரு அறை சும்மா கிடந்தது. அதில் வகுப்பு ஆரம்பித்தேன். பாடம் ஒன்றே ஒன்றுதான்: உல்லன் நூலில் ஒரு குட்டி யானை.

மேடம் எங்கே?

முதல் ஞாயிறு மூன்று மணிக்கு லூர்து மேரி அம்மா வந்தார். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வந்தவர் வாசலில் நின்று, நான் எழுதித் தொங்கவிட்ட 'குரோஷா வகுப்பு' என்ற போர்டை இரண்டு தடவை படித்தார். உள்ளே வந்து மின்விசிறிக்குக் கீழே நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தார்.

பிறகு நெரவியிலிருந்து ஜெயந்தி வந்தாள். டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. ஞாயிறு மத்தியானம் லீவு. இரண்டு பேரும் என்னைப் பார்ப்பதும் கதவைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். பாடத்தை எப்படித் தொடங்குவது என்று நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது, லூர்து மேரி அம்மா கேட்டார்: "மேடம் எப்ப வருவாங்க தம்பி? பிரெஞ்சுல அது 'குரோஷே', போர்டுல தப்பா எழுதியிருக்கு. அவங்ககிட்ட சொல்லணும்."

பெரிசாகிக்கொண்டே போனது

யானையின் தலையை ஆறு கண்ணியில் தொடங்க வேண்டும். அடுத்த சுற்றில் பன்னிரண்டு, அதற்கடுத்து பதினெட்டு. முப்பது வந்ததும் கண்ணி கூட்டுவதை நிறுத்திவிட்டால் அது தானாகக் கிண்ணம் மாதிரி குழியும். சுற்று எங்கே ஆரம்பித்தது என்று தெரிய ஓர் ஊக்கைக் குத்தி வைப்போம். லூர்து மேரி அம்மாவுக்கு ஊக்கு தேவைப்படவில்லை. முப்பது வருஷம் தபால் எண்ணின வாய், எண்ணுமாம்.

எண்ணியது உண்மைதான். ஆனால் நடுநடுவே ஜெயந்திக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்களா, கடையில் மதியம் சாப்பாடு உண்டா என்றும் விசாரித்தார். ஒவ்வொரு சுற்றிலும் கண்ணி கூடிக்கொண்டே போக, தலை குழியவே இல்லை. தட்டையாக விரிந்து மடி முழுக்கப் படர்ந்தது. பிரித்துவிடலாம் என்று நூல் நுனியை மெதுவாகப் பிடித்தேன். என் கையைத் தட்டிவிட்டார். "விடுங்க தம்பி, யானை வரலன்னா போகுது, குக்கர் இறக்கி வைக்க ஆகும்."

நம்பிப் போக முடியாது

மீன்பிடித் தடைக்காலத்தில் மண்டபத்தூரிலிருந்து அஞ்சப்பன் வந்து சேர்ந்தார். விசைப்படகில் போகிறவர். மூத்த மகள் யானை கேட்டிருக்கிறாள். வலை பின்னுகிற விரல்கள், ஊசியைப் பிடித்ததுமே ஓடத் தொடங்கின. எனக்கு ஒரு வாரத்து வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன்.

அரை மணி கழித்து எட்டிப் பார்த்தால், கண்ணிக்குக் கண்ணி முடிச்சுப் போட்டிருந்தார். கல் மாதிரி இருந்தது. பஞ்சு அடைக்காமலே தானாக நின்றது! "முடிச்சு வேண்டாம் அண்ணே, தப்பு வந்தா பிரிக்கணும்ல" என்று, என் பின்னலில் நூல் நுனியை இழுத்துக் காட்டினேன். நாலு சுற்றும் சரசரவென்று உருவிக்கொண்டு வந்தன. அஞ்சப்பன் என் கையிலிருந்த சுருண்ட நூலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "ஒரு எடத்துல இழுத்தா மொத்தமும் வந்துடுமா? இத நம்பி எப்படி சார் புள்ளைக்குக் குடுக்குறது?"

நெரவிக்குப் போன யானை

முதலில் முடித்தது ஜெயந்திதான். அவளுக்குக் கை ரொம்ப இளக்கம். கண்ணிக்குக் கண்ணி இடைவெளி விட்டுப் பஞ்சு வெளியே தெரியும். ஆனாலும் முகம் அத்தனை அழகு. அக்கா கவிதாவின் பதினோரு மாதக் குழந்தைக்காகப் பின்னினாள். சின்னக் குழந்தைக்கு என்றால் கண்ணை நூலால்தான் தைக்க வேண்டும். எனக்குத் தெரியும். தெரிந்தும், களையாக இருக்கட்டுமே என்று, பட்டாணி அளவு கறுப்பு பிளாஸ்டிக் கண் இரண்டை நானே எடுத்துக் கொடுத்தேன். உள்பக்கம் வாஷர் மாட்டிவிட்டால் யார் இழுத்தாலும் வராது என்று பெருமையாக வேறு சொன்னேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ஜெயந்தி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். "சார், யானைக்கு ஒரு கண்ணக் காணோம். பாப்பா இருமுது." அவ்வளவுதான் கேட்டது. ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போனேன் என்று இப்போதும் எனக்கு நினைவில்லை. கவிதா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் டாக்டரம்மா, "பிளாஸ்டிக் படத்துல தெரியாமலும் போகலாம். மூச்சுக்குழாய்ல இருந்தா இங்க எடுக்க முடியாது, தஞ்சாவூர் அனுப்பணும்" என்றார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது. கவிதா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. குழந்தை இருமும்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்தாள்.

"யானை எங்கம்மா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியாது. பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். எச்சில் ஈரம் இன்னும் காயவில்லை. கண் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. என் சுண்டுவிரல் சுலபமாக உள்ளே போனது. அப்போதுதான் பொறி தட்டியது. வாஷர் தடுப்பது வெளியே வருவதைத்தானே, உள்ளே போவதை எது தடுக்கும்? நர்ஸிடம் கத்தரிக்கோல் வாங்கிக் கழுத்தை வெட்டினேன். பஞ்சைப் பிடிபிடியாகப் பிடுங்கி பெஞ்சில் போட்டேன். தும்பிக்கை முடிகிற இடத்தில், பஞ்சோடு பஞ்சாக, வாஷரும் கழலாமல் அந்தக் கண் கிடந்தது. ஜெயந்தி சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். டாக்டரம்மா குழந்தையின் நெஞ்சில் இன்னொரு தடவை ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்து, வெறும் சளி என்றார். கவிதா அந்தக் கண்ணை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அழுதாள், உடனே சிரித்தாள். "எம்புள்ள முழுங்கல சார். ஒங்க யானையே முழுங்கியிருக்கு!"

அரை மணி நேரம்

வீட்டுக்கு வந்ததும் பாக்கெட்டில் மிச்சமிருந்த கண்களை எல்லாம் குப்பையில் கொட்டினேன். இனி யார் வரப்போகிறார்கள், போர்டையும் கழற்றிவிடலாம் என்றேன். மனைவி தன்பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருந்தாள். ஞாயிறு மூன்று மணி. யாரும் வரவில்லை. மூன்றே கால். படிக்கட்டில் சத்தமே இல்லை. நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தேன். மனதுக்குள் ஒரு பக்கம் நிம்மதியாகத்தான் இருந்தது, ஆனாலும் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டேதான் அடுக்கினேன்.

மூன்றரைக்கு மூன்று பேரும் சேர்ந்தே ஏறி வந்தார்கள். குழந்தையைப் பார்க்க நெரவிக்குப் போய், திரும்பப் பஸ் கிடைக்காமல் நேரமாகிவிட்டதாம். அஞ்சப்பன் அடுக்கிய நாற்காலிகளைக் கேட்காமலே இறக்கிப் போட்டார். லூர்து மேரி அம்மா பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தார். உள்ளே யானையின் உடம்பு, தலை, பஞ்சு எல்லாம் தனித்தனியாக இருந்தன. "அஞ்சு நாளா அது இல்லாம புள்ள தூங்கமாட்டேங்குதாம் தம்பி. கண்ணு அப்பறம் பாத்துக்கலாம், மொதல்ல தலையச் சேத்துக் குடுங்க."

ஆக, இந்த வகுப்பில் நான் உருப்படியாகச் சொல்லிக்கொடுக்கும் ஒரே பாடம் கறுப்பு நூலால் கண் தைப்பதுதான், அதையும் எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பதினோரு மாதக் குழந்தையின் சளி இருமல்.