இறால் கறி போன இடம்

சித்தப்பாவைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனபோது அம்மாவுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. குளித்துவிட்டு ஈரத் துவாயைக் கதிரையில் போடுகிறார் என்பது அம்மாவின் குற்றச்சாட்டு. அரசாங்கத்தின் குற்றச்சாட்டு என்னவென்று எவரும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வேலை தேடிக் கொழும்புக்கு வந்து கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் தங்கியிருந்த இளந்தாரி. சந்தேகத்துக்கு அதுவே போதும்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தைப் பிற்காலத்தில் நான் வேலை செய்த கந்தோரில் பிரிவு பிரிவாகப் படித்திருக்கிறேன். மூன்று மாதத்துக்குத் தடுப்புக் கட்டளை. போதாவிட்டால் இன்னொரு மூன்று. எங்கே வைப்பது என்பது அமைச்சரின் விருப்பம். இடத்தை மாற்றினால் வீட்டாருக்குச் சொல்லவேண்டும் என்று அதில் ஒரு வரியும் கிடையாது. எழுதியவர்கள் கவனமாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

பொலிஸ் நிலையத்தில் ஆளைப் பார்க்க விடவில்லை. சாப்பாடு கொடுக்கலாம் என்றார்கள். மத்தியானத்தில் அம்மாவும் நானும் டிபன் கரியரோடு போவோம். வாசலில் காவல் நின்ற சிங்களப் பொலிஸ்காரர், ராளஹாமி, தட்டுத் தட்டாகத் திறந்து, சோற்றுக்குள் குண்டு இருக்கிறதா என்று கரண்டிக் காம்பால் கிண்டிப் பார்த்துவிட்டு உள்ளே கொண்டுபோவார். அடுத்தநாள் வெறும் கரியர் திரும்பி வரும், கழுவித் துடைத்தபடி.

அதுதான் அம்மாவுக்குப் பிடிபடவில்லை. "தின்ட கோப்பையை ஒருநாளும் கழுவாத மனிசன்" என்று வழியெல்லாம் முணுமுணுத்தார்.

ஒருநாள் காலையில், மட்டக்குளியிலிருந்து வரும் மீன்காரரிடம் அம்மா இறால் வாங்கினார். மத்தியானம் அது கறியாகிக் கரியருக்குள் ஏறியது. சித்தப்பாவுக்கு இறால் ஆகாது. ஒருமுறை தெரியாமல் தின்று, உதடு வீங்கி, மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது வீடு முழுக்கத் தெரியும். அதன்பிறகு மணம் பட்டாலே எழும்பிப் போய்விடுவார். ஆனால் பசியில் தின்றுவிட்டால்?

"அம்மா, சித்தப்பாவுக்கு இறால்..."

"வாயைப் பொத்திக்கொண்டு வா."

ஒரு துவாய்க்காக அம்மா கொலை செய்யப்போகிறார் என்று முடிவு கட்டினேன். வாசலில் ராளஹாமியிடம் சொல்ல வாயெடுத்தேன். அம்மாவின் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது. கரியர் உள்ளே போனது. அன்று பின்னேரம் முழுக்க அம்மாவைக் கண்காணித்தேன். அவர் சாப்பிடவே இல்லை. குற்ற உணர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ராளஹாமி பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "நோனா, மல்லி... அந்தத் தம்பி எல்லாம் சாப்பிட்டது. இறால் ஷோக்! நாளைக்கும் கேக்குது."

அம்மா அவருக்கு நன்றி சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னதை அப்படியே அப்பாவிடம் சொன்னார்.

அப்பா தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார். "அப்ப அவன் அங்க இல்லையப்பா. இனி ஆருக்குச் சமைக்கிறீர்?"

"சாப்பாட்டை வாங்கிற வரைக்கும் ஆள் தங்களிட்டத்தான் எண்டு அவங்களே ஒத்துக்கொள்ளுறாங்கள்" என்றார் அம்மா. "நான் நிப்பாட்டினால், அப்பிடி ஒருத்தனைப் பிடிக்கவே இல்லை எண்டிடுவாங்கள்."

கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட எனக்கு இது எதுவும் விளங்கவில்லை. எந்த டொக்டராலும் மாற்ற முடியாத இறால் வருத்தத்தைப் பொலிஸ் மாற்றிவிட்டது என்பதே என் கணிப்பு. அம்மாவுக்கும் சித்தப்பா மேலிருந்த கோபம் ஒருவழியாகத் தீர்ந்துவிட்டது. இல்லாவிட்டால் அடுத்தநாள் காலையில், எப்போதும் சண்டை பிடிக்கும் அந்த மீன்காரரிடம் விலையே கேட்காமல், கூடைக்குள் குனிந்து பெரிய பெரிய இறாலாகப் பார்த்துப் பொறுக்குவாரா?