எல்லாரும் ஏறுங்கோ

உரும்பிராய்ச் சந்தியிலிருந்து கோப்பாய்ப் பக்கம் போனால் இடது கைப் பக்கத்தில் எங்கள் ரயர் கடை. கடை என்றால் ஒரு தகரக் கொட்டகை, காற்றடிக்கும் மெஷின், ரயர் கழற்றும் மெஷின், நான், என் கணவர் அன்புராஜா. இவருக்கு அறுபத்தொரு வயது. முழங்கால் இரண்டும் போய்விட்டன. காலையில் கட்டிலை விட்டு எழும்பவே சுவரைப் பிடிப்பார். ஆனால் காருக்கு அடியில் படு என்றால் உடனே படுத்துவிடுவார். பிறகு எழுப்புவது என் வேலை.

இவரிடம் ஒரு பழக்கம் உண்டு. யாருடைய காருக்கு ரிம் மாற்றினாலும், வேலை முடிந்ததும், "வீட்டிலை எத்தினை பேர்?" என்று கேட்பார். அத்தனை பேரையும் கூட்டிவரச் சொல்லி, காரில் ஏற்றி, பக்கத்து ஒழுங்கையில் உள்ள பள்ளத்தில் உருட்டிப் பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுப்பார். கார் வெறுமையாக நிற்கும்போது எந்தச் சில்லும் பொருந்தினது போலத்தான் தெரியுமாம். ஆட்கள் ஏறிக் கார் தாழ்ந்தால்தான் ரயர் மட்காட்டில் உரசுவது கேட்கும்.

"எங்கடை ஊரிலை ஆராவது தனியக் காரிலை போறதைக் கண்டனீரே? கீரிமலைக்குப் போறதெண்டாலும் ஆறு பேர், ரெண்டு சாப்பாட்டுப் பானை" என்பார்.

வருகிறவர்கள் சிரிப்பார்கள். வயதானவர்கள் ஏறி இறங்கி முணுமுணுப்பார்கள். நான் வாய் விட்டே திட்டியிருக்கிறேன்.

போன ஆவணியில் நீர்வேலி வாகீசன் வந்தான். வாழைக்குலை வியாபாரம் செய்கிறவன். அவனிடம் சிவப்பு நிறத்தில் ஒரு ஜப்பான் கார் இருந்தது. வீதியில் வரும்போதே இன்ஜின் உறுமுவது சந்தி வரை கேட்கும். கனடாவில் இருக்கும் தமையன் சுதாகரன் அந்தக் காருக்கென்று நாலு சில்லு, ரயரும் பூட்டியபடியே, கப்பலில் அனுப்பியிருந்தான். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு ஊருக்கு வருகிறான். அடுத்த நாள் இரவு கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குகிறான்.

இவர் ஒரு சில்லைத் தூக்கி நிறுத்தி, தடவி, அளந்து பார்த்தார். பிறகு ரயரின் பக்கத்தில் இருந்த சின்னப் படத்தைக் காட்டினார். மலையும் பனியும்.

"தம்பி, ரிம் நல்ல ரிம். ஆனா இது பனிக்கு ஓடுற ரயர். எங்கடை வெய்யிலுக்கு மெழுகு மாதிரி இளகிப்போம். அகலமும் கூடிப்போச்சு. இதைவிட ஒடுக்கமான ரயர் போட்டால் இந்த ரிம் அப்பிடியே பொருந்தும். கொழும்பிலை சொன்னால் நாலு நாளிலை வரும்."

"நாலு நாளோ? அண்ணை நாளைக்கு வாறார். அவர் அனுப்பின சில்லிலை போய்த்தான் அவரை ஏத்தோணும். தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கிறதே?"

"மாடெண்டால் பரவாயில்லை. மாடு ஆறு பேரை ஏத்திக்கொண்டு நூறிலை ஓடாது."

வாகீசன் சிரிக்கவில்லை. தமையன் மனம் நோகும் என்றான். வெளிநாட்டில் இருந்து வந்த ஒரு சாமானைக் குறை சொல்ல எங்கள் ஆட்களுக்கு வாய் வராது. காலுக்குக் கடிக்கிற சப்பாத்தையும் போட்டுக்கொண்டு படம் எடுத்து அனுப்புவோம். எனக்கும் அது தெரிந்ததுதான்.

இவர் பூட்டினார். முடிய ஆறு மணியாகிவிட்டது. அன்று காலையில் இருந்து அது ஒன்பதாவது வாகனம். எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. இவர் மேசையைப் பிடித்துக்கொண்டு எழும்பி, வழக்கம்போல, "வீட்டு ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாரும்" என்றார்.

"அம்மா நாளையப் பயணத்துக்குப் பலகாரம் சுடுறா. இப்ப எப்பிடி அண்ணை?"

இவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

"இஞ்சாருங்கோ, ஒரு நாளைக்கு விடுங்கோ. கடையைப் பூட்டுவம்" என்றேன்.

இவர் கையைத் துடைத்தார். "கனபேரை ஏத்தாதையும் தம்பி. மெல்ல ஓடும்" என்றார். அவனும் தலையாட்டினான். நாங்கள் மெதடிஸ்ற் கிறிஸ்தவர்கள் என்றாலும் சைவக்காரருக்கென்று கடையில் எலுமிச்சம்பழம் வைத்திருப்பேன். நானே நாலு பழம் எடுத்துச் சில்லுகளுக்குக் கீழே வைத்தேன். பழங்கள் நசிந்தன. வேறு ஒரு சத்தமும் கேட்கவில்லை. வெறும் கார்தானே.

அடுத்த நாள் பத்து மணிக்கு வாகீசனிடமிருந்து போன் வந்தது. ஆனையிறவில் பின் ரயர் வெடித்துவிட்டது. கார் இழுபட்டுப் போய் வீதியோரக் கடல்நீரேரித் தண்ணீருக்கு ஒரு முழம் முன்னால் நின்றதாம். ஒருவருக்கும் காயமில்லை. இவர் போனை வைத்துவிட்டு, வாகீசன் எங்களிடம் விட்டுப் போன பழைய சில்லுகள் நாலையும் எங்கள் சின்ன லொறியில் ஏற்றினார். நானும் ஏறினேன். ஐம்பது கிலோமீற்றரும் இவர் வீதியையே பார்த்து ஓட்டினார். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அங்கே ஒரு மர நிழல் கிடையாது. உப்புக் காற்று முகத்தில் அடித்தது. வாகீசனின் தாய் ஞானாம்பிகை ஒரு குடையின் கீழ் நிலத்தில் இருந்தார். மனைவி உதயகலா இரண்டு பெண் பிள்ளைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவர் ஒன்றும் கேட்காமல் கொதிக்கிற தாரில் சாக்கை விரித்துப் படுத்தார். மற்றப் பின் ரயரும் உரசி உரசி நார் தெரிந்தது.

நாலும் மாற்றி முடிந்தபோது வாகீசன் கேட்டான்: "அண்ணை, உங்களுக்குத் தெரியுந்தானே. ஏன் கொஞ்சம் பலமா மறிக்கேல்லை?"

சொல்லச் சொல்லக் கேட்காதவன் கேட்கிற கேள்வியா இது? வாயைத் திறந்தேன்.

"ஓம் தம்பி. அது என்ரை பிழைதான்" என்றார் இவர். என் பக்கம் திரும்பவேயில்லை.

பிறகு எழும்பி நின்று, "எல்லாரும் ஏறுங்கோ" என்றார்.

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. ஏறினார்கள். இவர் கழற்றிய சில்லுகளில் இரண்டைத் தூக்கி டிக்கிக்குள் வைத்தார், சுதாகரனின் சூட்கேசுப் பாரத்துக்காக. காருக்குள் எட்டிப் பார்த்து, "திரும்பி வரேக்கை இன்னுமொரு ஆள். மிரியம், நீரும் ஏறும்" என்றார்.

பின் சீற்றில் ஞானாம்பிகைக்குப் பக்கத்தில் நெருக்கி இருந்தேன். கார் மெல்ல உருண்டது. இவர் நொண்டி நொண்டி, காதைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு பக்கத்திலே நடந்து வந்தார்.

"அம்மா, நேற்று உங்களை ஏத்திப் பாக்காமல் விடச் சொன்னது நான்தான்" என்றேன்.

"ஏன் பிள்ளை?"

"அலுப்பு அம்மா."

அவர் தன் மடியில் இருந்த சின்னப் பேத்தியைத் தூக்கி என் மடியில் வைத்தார்.

இவர் கூரையில் தட்டினார். "உரசேல்லை. இறங்கும், மிரியம்."

பிள்ளையின் பாரம் மடியில் இருந்தது. என்னால் உடனே இறங்க முடியவில்லை.