மிசேயின் மூக்குக்கண்ணாடி

தலத்தெருவில் ஆல்போன்சை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவர் மிசே, பிரெஞ்சில் ஐயா. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்த வழியில் வந்த பிரெஞ்சு பாஸ்போர்ட் பீரோவில் துணிக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. இளவயதில் அவரும் ஒரு தடவை பிரான்சுக்குப் போய், ஓர் ஓட்டல் அடுப்படியில் தட்டு கழுவினார். தட்டு கழுவப் பேச்சு எதற்கு? ஒரு குளிர்காலத்தையே தாங்க முடியாமல் திரும்பிவிட்டார். ஊரில் அவர் சொல்லும் கதையில் அந்தக் குளிர்காலம் வருஷத்துக்கு வருஷம் நீண்டுகொண்டே போனது. எதிரே வருகிறவருக்கு ‘போன்ழூர்’, கடைக்காரருக்கு ‘மெர்சி’. அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு அத்தோடு சரி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதைத்தான் மனுஷர் இத்தனை காலமாகச் செய்துவந்தார்.

பக்கத்து வீட்டு மருமகள் தேவிகா டைப்ரைட்டிங் படித்தவள். அவள் கணவன் ஜெயபிரகாஷ் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். சென்னையில் ஒரு கம்பெனி, அவளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு ஏற்றும் வேலை தருவதாகச் சொன்னது. ஆனால் சொந்த லேப்டாப் வேண்டும், திங்கட்கிழமை அதிலேயே டெஸ்ட். புதுசு வாங்க வழியில்லை.

“அங்கிள், நீங்க நாலு இடம் பாத்தவங்க. பழசு ஒண்ணு பாத்து எடுக்கணும், கூட வர்றீங்களா?” என்று கேட்டாள். மிசேவுக்குத் தலைகால் புரியவில்லை. இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மன்சூர் அலியின் கடை. அவர் இரண்டு லேப்டாப்பை எடுத்து வைத்தார். ஒன்று ஏதோ ஆபீசில் உழைத்து ஓடாய்த் தேய்ந்தது, மூடியெல்லாம் கீறல். மற்றது பளபளவென்று இருந்தது.

“இது பிரான்சுலேர்ந்து லீவுக்கு வந்த குடும்பம் வித்துட்டுப் போனது. பொட்டி நல்ல பொட்டி. ஆனா எழுத்துக் கட்டையெல்லாம் அவங்க ஊரு வரிசை. உள்ளயும் எல்லாம் பிரெஞ்சுதான். அதனாலதான் வெல கம்மி. பழகுன கைக்கு இந்தக் கீறல் விழுந்ததே மேல், தங்கச்சி. ஒரு தடவ யோசிச்சுக்குங்க, எடுத்துட்டா திருப்பி வாங்க மாட்டேன்.”

தேவிகாவின் கை கீறல் விழுந்ததை நோக்கித்தான் போனது. மிசே தேங்காய் தட்டிப் பார்ப்பதுபோல் பளபளப்பான மூடியைத் தட்டினார்.

“அட, பிரெஞ்சுன்னா என்னம்மா பயம்? பக்கத்து வீட்டுல நான் எதுக்கு இருக்கேன்? இதையே எடு.”

மன்சூர் அலி அவரை ஒரு பார்வை பார்த்தார். தேவிகா அவர் முகத்தை முறிக்க மனசில்லாமல் அதையே எடுத்தாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டனுப்பினாள். தன் பெயரைக்கூட ஒழுங்காக அடிக்க முடியவில்லை. கடைசி எழுத்து ‘ஏ’ விழ வேண்டிய இடத்தில் ‘க்யூ’ விழுந்தது. எண் அடிக்கப் போனால் குறியீடு வந்தது. கணக்கு வேலைக்கு இது போதாதா?

“அங்கிள், இத இங்கிலீஷ் வரிசைக்கு மாத்திட்டாப் போதும். கட்டையப் பாக்காம அடிக்கிறவதான் நான். எங்க போய் மாத்தணும்னு மட்டும் படிச்சுச் சொல்லுங்க.”

ஜெயபிரகாஷ் பக்கத்தில் நின்றான். மாமியார் கல்யாணசுந்தரி அடுப்பை விட்டு வந்து நின்றாள். மிசே திரையைப் பார்த்தார். எழுத்து தெரிந்தது, அர்த்தம் ஒன்றும் தெரியவில்லை. நடுவில் ஒரு கட்டம் வந்து ஏதோ கேட்டது. சும்மா இருக்கக் கூடாதே என்று, “இத அமுக்கும்மா” என்றார். திரை இருண்டது. ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்து, வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு வழியாகத் திரை திரும்பி வந்தபோதும் அதே பிரெஞ்சுதான்.

“அடுத்தது என்ன அங்கிள்?”

மிசே திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தார். அப்பா பிரெஞ்சுப் பாடம் சொல்லக் கூப்பிட்டபோதெல்லாம் பந்து விளையாட ஓடிய சாயங்காலங்கள் நினைவுக்கு வந்தன. விடிந்தால் இந்தப் பெண்ணுக்கு டெஸ்ட். தன் பந்தாவுக்காக அவள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று உடம்பெல்லாம் கூசியது.

தேவிகா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, “கண்ணாடி எடுத்துட்டு வரலையா அங்கிள்?” என்றாள்.

“ஆமாம்மா… மறந்துட்டேன்.”

“பாக்கெட்டுலதானே இருக்கு…” என்று கல்யாணசுந்தரி வாயைத் திறந்தாள்.

“அத்தை, பால் பொங்குது பாருங்க” என்றாள் தேவிகா.

மிசே சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டு எழுந்தார். எடுத்து வருகிறேன் என்று போனவர் திரும்பிப் போகவே இல்லை. அவர் மனைவி எலேன் பையையும் பார்த்தாள், முகத்தையும் பார்த்தாள், சோற்றுத் தட்டை எடுத்து வைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

மறுநாள் சுவருக்கு அந்தப் பக்கம் கட்டைகள் படபடவென்று ஓடும் சத்தம் கேட்டது. “போனைத் திரைக்கு நேரா புடிச்சா அதுவே தமிழ்ல சொல்லிடுதாம். மாத்திட்டா” என்றாள் எலேன். அதன் பிறகு மிசே பின்வாசல் வழியாகவே கோயிலுக்குப் போய்வந்தார்.

வேலை கிடைத்துவிட்டது. அந்த வாரக் கடைசியில் எதிர்வீட்டுக் கைலாசநாதன் வந்து வாசலில் நின்றார்.

“மிசே, எம் பொண்ணுக்கு ஒரு பழைய லேப்டாப் பாக்கணும். எல்லாம் நீங்க பாத்து எடுத்துக் குடுத்ததுதான்னு தேவிகா சொல்லுச்சு. வாங்க, போயிட்டு வருவோம்.”

தேவிகா தன்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. மிசே வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னார்.

“எனக்குப் பிரெஞ்சு தெரியாதுங்க.”

கைலாசநாதன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “அது தெருவுக்கே தெரியுமே மிசே. சட்டைய மாட்டிக்கிட்டு வாங்க, மன்சூர் அலி கடைய சாத்திடப் போறாரு.”

மிசே உள்ளே போய்ச் சட்டையை எடுத்தார். பையில் கண்ணாடி இருந்தது. மறந்துவிட்டேன் என்று தேவிகாவிடம் சொன்ன அதை எடுத்து மூக்கில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வர அவரால் முடியவில்லை; பையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினார்.